தோள் கொடுக்காத கரை

எமிலியானுசுக்கு முதலில் பிடிக்காமல் போனது அந்த ஸ்கூட்டியின் சத்தம். அடுத்தது, அதில் வந்த பெண்ணின் கையில் இருந்த கடதாசிக் கட்டு. கடதாசியோடு அவருடைய படலையைத் திறந்துகொண்டு வந்தவர்களில் ஒருவர்கூட இதுவரை நல்ல சேதி கொண்டுவந்ததில்லை. சண்டைக் காலத்தில் வீட்டில் எத்தனை பேர் என்று பதிய வந்தவன் கடதாசியோடுதான் வந்தான். சண்டை முடிந்த பிறகு நட்டஈடு தருகிறோம் என்று வந்தவனும் கடதாசியோடுதான் வந்தான். அந்த நட்டஈடு இன்றைக்கும் கடதாசியிலேயே கிடக்கிறது.

வலையில் சிக்கிக் கிடந்த நண்டுக் காலை முறித்து எடுத்தபடி, நிமிராமல் கேட்டார்.

“ஆர் வேணும்?”

“ஞானசவுந்தரி அம்மா வீடு இதுதானே ஐயா? நான் அஜந்தா. உங்கட பள்ளிக்கூடத்தில குடியியல் படிப்பிக்கிறன். வேலணையில இருந்து வாறனான்.”

“அவ இல்லை.”

குசினிக்குள் சட்டி கழுவுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. அந்தப் பெண் குசினிப் பக்கம் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். போகவில்லை.

“பதினோராம் ஆண்டுக்கு ஒரு பாடம் எடுக்கிறன் ஐயா. சண்டை நேரத்தில அரசாங்க உத்தியோகத்தில இருந்துகொண்டே, அரசாங்கம் மூடி மறைச்சதை வெளியில சொன்ன ஆக்களைப் பற்றி. கருத்தரங்கில இந்தக் கடதாசியளைத் தந்து விட்டவை. இதில இருக்கிறது முழுக்க வெளிநாட்டு ஆக்கள். பிள்ளையள் கேட்டுதுகள், ‘ஏன் ரீச்சர், எங்கட பக்கத்தில ஒருத்தரும் இல்லையோ’ எண்டு. எனக்கு மறுமொழி சொல்லத் தெரியேல்லை. பிறகுதான் கன்ரீன்கார அக்கா சொன்னா, ஞானமக்காவைப் போய்க் கேளுங்கோ எண்டு.”

“கன்ரீன்காரி வடை சுடுறதை விட்டிட்டு இப்ப இந்த வேலையும் பாக்கிறாளோ.”

“ஐயா…”

“பிள்ளை, உமக்கு மாசாமாசம் சம்பளம் வருதோ?”

“வருது ஐயா.”

“அப்ப அந்த வெளிநாட்டுக்காரரையே படிப்பியும். அவங்கள் தூரத்தில இருக்கிறாங்கள். படிப்பிக்கிற ஆளுக்கும் சேதமில்லை, படிக்கிறதுகளுக்கும் சேதமில்லை.”

குசினிச் சத்தம் நின்றது. ஞானசவுந்தரி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எழுபதைத் தாண்டிய மனுசி. ஆனாலும் ஆஸ்பத்திரி விறாந்தையில் நடந்த அதே நடை.

“இஞ்சேருங்கோ, நான் இல்லையெண்டு சொல்ல முதல் என்னட்ட ஒருக்காக் கேட்டிருக்கலாம்,” என்றாள் புருசனிடம். பிறகு அந்தப் பெண்ணிடம், “கதிரையில இரும் பிள்ளை. தேத்தண்ணி குடிப்பீரோ?” என்றாள்.

எமிலியானுஸ் வலையை உதறிப் போட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டார். அவர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். படித்தவர்கள் ஒரு விசயத்தைக் கையில் எடுத்தால் அது எங்கே போய் முடியும் என்பது அவருக்குத் தெரியும். அவர்கள் பேசிவிட்டுப் போவார்கள். பட்டு அனுபவிப்பது வேறு ஆளாக இருக்கும்.

நடந்தது இதுதான். தொண்ணூறுகளின் தொடக்கம். தீவுப்பக்கம் முழுக்க ‘அவங்களின்’ கையில். அவங்கள் என்றால் இந்தக் கரையில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. துவக்கும் முகாமும் யாரிடம் இருந்தனவோ அவர்கள். கடலுக்குப் போக அவர்களிடம் பாஸ் எடுக்க வேண்டும், பொழுதுபட முதல் திரும்ப வேண்டும். ஒருநாள் மூன்று பெடியன்கள் போன வள்ளம் திரும்பவில்லை. மறுநாள் மூன்று பேரையும் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் போட்டார்கள். வள்ளம் கவிழ்ந்து, தண்ணீரில் மூழ்கித் தாண்டு போனார்களாம்.

ஞானசவுந்தரி அங்கே சிற்றூழியர். செத்தவர்களைக் கழுவித் துடைத்து வெள்ளை சுற்றுவது அவளுடைய வேலை. கழுவினாள். மூன்று பேருடைய முதுகிலும் வெடி பட்ட ஓட்டை. தண்ணீரில் தாண்டவனுக்கு முதுகில் ஓட்டை விழுவதில்லை. அதைப் பார்த்த டாக்குத்தர் வாயைத் திறக்கவில்லை, தாதிமார் திறக்கவில்லை. மரண விசாரணைக்காரர் விறாந்தையில் மேசை போட்டு உட்கார்ந்து, முகாமிலிருந்து வந்தவன் சொன்னதைக் கேட்டு, தாண்டு போனது என்று எழுதப் பேனையைத் திறந்தார். யாரும் கூப்பிடாமல் ஞானசவுந்தரி அந்த மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“ஐயா, நான்தான் கழுவினனான். மூண்டு பேருக்கும் முதுகில வெடி பட்டிருக்கு. சீலையை எடுத்துப் பாருங்கோ.”

நிவாரணம் கொடுக்க வந்திருந்த வெளிநாட்டுக்காரர் இரண்டு பேர் பக்கத்திலேயே நின்றார்கள். அதனால் சீலையை எடுத்துப் பார்க்காமல் இருக்க முடியாமல் போயிற்று. அவ்வளவுதான் கதை. வெற்றிலையை மடித்து வாயில் போடுகிற நேரம்கூட ஆகவில்லை.

அடுத்த கிழமை அவளுக்கு மாற்றம் வந்தது, கடல் தாண்டி இன்னொரு தீவுக்கு. அது போகட்டும். சுட்டவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதுவும் போகட்டும், அது நடக்குமென்று ஒருவரும் நினைக்கவில்லை. ஆனால் அவங்கள் ஊருக்கே பாஸை நிறுத்தினார்கள். அந்த வருசச் சோளகக் காற்றுக் காலம் முழுக்க ஒரு வள்ளம் இறங்கவில்லை. ஊர் பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவைக் கரைத்துக் குடித்தது. ஊருக்குக் கோபம் வந்தது. சுட்டவனோடு கோபிக்க ஏலாது, அவனிடம் துவக்கு இருக்கிறது. சொன்னவளோடு கோபிக்கலாம்.

இந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வள்ளம் கரைக்கு வந்தால், அங்கே நிற்கிற ஆம்பிளை எவனாக இருந்தாலும் போய்த் தோள் கொடுப்பான். கூப்பிடுவதில்லை, கேட்பதில்லை, நன்றி சொல்வதுமில்லை. காணி வழக்கில் எதிரும் புதிருமாக நிற்கிறவர்கள்கூட வள்ளத்துக்குத் தோள் கொடுத்து ஏற்றிவிட்டுத்தான் மறுபடி முகத்தைத் திருப்புவார்கள். பாஸ் திரும்பக் கிடைத்த முதல்நாள் எமிலியானுசின் வள்ளம் வந்தபோது, கரையில் நின்ற அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள். அவர் இடுப்பளவு தண்ணீரில் வள்ளத்தின் முன்பக்க அணியத்தைப் பிடித்தபடி பார்த்தார். செத்த அருள்நேசனின் தாய் திரேசம்மா மீன் கடகத்தோடு குந்தியிருந்தாள். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு கடலுக்கு மறுபக்கம் பார்த்தாள்.

அந்த முதுகை எமிலியானுஸ் மறக்கவில்லை. உன் பிள்ளையின் முதுகில் இருந்ததைச் சொன்னதற்கு நீ எனக்கு முதுகு காட்டுகிறாயா என்று மனதுக்குள் கேட்டார். அன்றைக்கே பூவரசு மரத்தில் கப்பி கட்டினார். கயிறு, கப்பி, பனங்குத்தி உருளை. தனியாக வள்ளம் ஏற்றப் பழகினார். சண்டை முடிந்து, ஊர் கொஞ்சம் கொஞ்சமாக மறந்து, ஒருநாள் ஒருவன் தோள் கொடுக்க வந்தான். அவர் துடுப்பைத் தூக்கினார். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. அவரும் யாருக்கும் தோள் கொடுக்கப் போனதில்லை. திரேசம்மா செத்தபோது குழிக்கு ஒரு பிடி மண் போடவும் போகவில்லை.

இப்போது முப்பது வருசத்துக்கு மேல் ஆன பிறகு ஒரு பெண் கடதாசியோடு வந்து, தைரியத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறாளாம்.

“நான் போறன்,” என்றாள் ஞானசவுந்தரி அன்று பின்னேரம்.

“போ. மாலை போடுவினம். அதை ஆட்டுக்குப் போடலாம்.”

“மாலைக்கு இல்லை. பிள்ளையள் கேட்டதாம்.”

“பிள்ளையளின்ர தேப்பன்மார் கேக்கேல்லைத்தானே.”

பாடநாள் அன்று அவர்தான் சைக்கிளின் பின்னால் வைத்து ஏற்றிக்கொண்டு போனார். வகுப்புக்குள் போகவில்லை. அரைச்சுவருக்கு வெளியே மதில் நிழலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். மாலை ஒன்றும் இல்லை. பரவாயில்லை என்று நினைத்தார், இந்தப் பெட்டைக்கு அந்த அளவு புத்தியாவது இருக்கிறது.

ஞானசவுந்தரி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னாள். கூட்டிச் சொல்லவுமில்லை, குறைத்துச் சொல்லவுமில்லை. அவள் முடித்ததும் அஜந்தா பிள்ளைகளைக் கேட்டாள்.

“நீங்கள் அந்த விறாந்தையில நிண்டிருந்தால் என்ன செய்திருப்பியள்?”

“சொல்லியிருப்பன் ரீச்சர்.”

“நானும் சொல்லியிருப்பன்.”

“நான் அவங்களுக்கு அடிச்சிருப்பன் ரீச்சர்.” வகுப்புச் சிரித்தது.

எமிலியானுஸ் மதிலோரம் காறித் துப்பினார். எல்லோரும் வீரர்தான், துவக்கு இல்லாத இடத்தில். அப்போது பின்வரிசையில் ஒரு பெட்டை எழும்பினாள்.

“நான் பேசாமல் நிண்டிருப்பன் ரீச்சர்.”

“ஏன் நிலக்சனா?”

“பயந்தான். அப்பாவும் அப்பிடித்தான் சொல்லுறவர். எல்லா இடத்திலயும் வாயைக் குடுக்காதை எண்டு.”

இந்தப் பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லாத ஒரு பிள்ளை இருக்கிறது என்று எமிலியானுஸ் நினைத்தார். யாருடைய பிள்ளை என்று எட்டிப் பார்த்தார். கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் ஜெகதீசின் மகள். செத்த அருள்நேசனின் தம்பி மகள்.

அந்தப் பெட்டை உட்காராமல் ஞானசவுந்தரியைப் பார்த்துக் கேட்டாள்.

“அம்மம்மா, அந்த மூண்டு பேரும் ஆர்?”

ஞானசவுந்தரி பேர்களைச் சொன்னாள்.

“அருள்நேசன் எங்கட பெரியப்பா,” என்றாள் நிலக்சனா. “அவர் தாண்டு போனவர் எண்டுதான் வீட்டில சொன்னவை. கல்லறையிலயும் அப்பிடித்தான் எழுதியிருக்கு.”

“கல்லறை எழுதின ஆள் அவரைக் கழுவேல்லை பிள்ளை,” என்றாள் ஞானசவுந்தரி.

அன்றைக்கே எமிலியானுசுக்குத் தெரிந்துவிட்டது, இது இத்தோடு நிற்காது என்று.

நிற்கவில்லை. பிள்ளை வீட்டில் போய்த் தகப்பனைக் கேட்டது. தகப்பன் கையை ஓங்கியிருக்கிறான். இரண்டு நாளில் மோட்டார் சைக்கிளில் சிவில் உடுப்போடு இரண்டு பேர் அதிபரின் அறைக்கு வந்து, இந்தப் பாடத்தை யார் எடுத்தது, ஏன் எடுத்தது, அந்தக் கிழவி யார் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அதற்குள் ஜெகதீஸ் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, ரீச்சர் பிள்ளைகளின் மனதில் பகையை விதைக்கிறா என்று வலயக் கல்விக் கந்தோருக்கு முறைப்பாடு அனுப்பிவிட்டான். திங்கட்கிழமை ஒரு அதிகாரி வந்து விசாரிப்பாராம். அஜந்தாவுக்கு நெடுந்தீவுக்கு மாற்றம் என்று கன்ரீன்காரி விசாரணைக்கு முதலே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“உப்பிடித்தான் உனக்கும் வந்தது,” என்றார் எமிலியானுஸ். “ஒரு கடிதத்தையே காலங்காலமாய்த் திருப்பித் திருப்பி அனுப்புறாங்கள், பேரை மட்டும் மாத்தி.”

சனிக்கிழமை காலை மூன்று பேர் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். முன்னால் ஜெகதீஸ். வெள்ளைச் சேட்டு, கையில் தொலைபேசி. அவனுக்குப் பின்னால் அதிபர். அதிபருக்குப் பின்னால், நிலத்தைப் பார்த்தபடி அஜந்தா.

எமிலியானுஸ் கதிரை போடவில்லை.

“எமிலியண்ணை, சண்டை பிடிக்க வரேல்லை,” என்றான் ஜெகதீஸ். “நல்லபடியா முடிக்கலாம் எண்டுதான்.”

“சொல்லு.”

அதிபர் தொண்டையைச் செருமினார். “அம்மா திங்கட்கிழமை ஒருக்கா வந்து, எனக்கு வயது போட்டுது, நினைவு தடுமாறுது, பழைய விசயங்களைக் கலந்து சொல்லிப்போட்டன் எண்டு அதிகாரிக்குச் சொன்னால் காணும். ஜெகதீஸ் முறைப்பாட்டைத் திருப்பி எடுத்திடுவார். ரீச்சரும் இஞ்சயே இருப்பா. ஒருத்தருக்கும் நட்டமில்லை.”

“ஆருக்கு நினைவு தடுமாறுது?” என்றார் எமிலியானுஸ். “அவளுக்கு நான் எப்ப எதுக்கு ஏசினனான் எண்டது தொடக்கம் நினைவு கிடக்கு. உமக்கு வேணுமெண்டால் கேட்டுப்பாரும், முழுநாளும் சொல்லுவா.”

“பகிடி விடாதேங்கோ ஐயா.”

“நான் பகிடி விட்டு நீர் பாக்கேல்லை.” அவர் அஜந்தாவின் பக்கம் திரும்பினார். “என்ன ரீச்சர், இது பாடத்தின்ர ரெண்டாம் பக்கமோ? முதல் பக்கத்தில தைரியம், ரெண்டாம் பக்கத்தில தைரியத்தைத் திருப்பி எடுக்கிற விதம். இதையும் அந்தக் கருத்தரங்கிலதான் சொல்லித் தந்தவையோ?”

அஜந்தாவின் முகம் செத்துப்போனது. “அம்மா வருத்தக்காரி ஐயா,” என்றாள். “நெடுந்தீவுக்குப் போட்டால் பாக்க ஆளில்லை. வா எண்டு கூட்டிக்கொண்டு வந்தவை. வந்தனான்.”

“எனக்குத் தெரியும். முதல்நாளே தெரியும். நீங்கள் எல்லாரும் இப்பிடித்தான். வந்து கிண்டுவியள். கிண்டிப்போட்டு மூடித் தாங்கோ எண்டு எங்களிட்டயே வருவியள்.”

“காணும், நிப்பாட்டுங்கோ,” என்றாள் ஞானசவுந்தரி புருசனிடம். பிறகு அந்தப் பெண்ணுக்குக் கிட்டப் போனாள். “பிள்ளை, இவை உமக்காகத்தான் கேக்கினம். அப்ப நீர் சொல்லும். நான் என்ன செய்ய? நீர் பிழையெண்டு சொல்லச் சொன்னால் சொல்லுறன். எனக்கு இனி ஒருத்தரும் மாற்றம் தர ஏலாது.”

அஜந்தா நிமிர்ந்து பார்த்தாள். கைப்பையைக் கட்டிப்பிடித்தாள்.

“சொல்ல வேண்டாம் அம்மா,” என்றாள்.

“எதை?”

“பிழையெண்டு. நீங்கள் அப்பிடிச் சொன்னால் நான் திரும்ப அந்த வகுப்புக்குள்ள போக ஏலாது. நிலக்சனான்ர முகத்தைப் பாக்க ஏலாது.”

“ரீச்சர், என்ன கதைக்கிறீர்?” என்றார் அதிபர். “வரேக்க என்ன சொன்னீர்?”

“வரேக்க ஒண்டும் சொல்லேல்லை சேர். நீங்கள்தான் சொன்னனீங்கள்.”

ஜெகதீசுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. “என்ர பிள்ளையின்ர பேரை இதுக்குள்ள இழுக்காதேங்கோ,” என்றான். சேட்டுக்கு மேலால் கழுத்து நரம்பு புடைத்தது. “உங்கள் எல்லாருக்கும் இது கதை. எனக்கு அவர் அண்ணன். அந்தச் சாவு எங்கட சாவு. எங்களைக் கேக்காமல் அதை எடுத்துக்கொண்டு போய் மேசைக்கு முன்னால வைச்சவ இவ. சோளகம் முழுக்கப் பட்டினி கிடந்தம். பெடியங்களைப் பிடிச்சுக்கொண்டு போய் விசாரிச்சாங்கள். என்னையும் கொண்டு போய் வைச்சிருந்தவங்கள். எங்கட அம்மா செத்த பிள்ளைக்கு அழுகிறதோ, இருக்கிற பிள்ளைக்கு அழுகிறதோ எண்டு தெரியாமல் திரிஞ்சவ. அதுக்கு ஆர் மறுமொழி சொல்லுறது? வீரமாம், தைரியமாம். ஆரின்ர பிள்ளையை வைச்சு இந்த வீரம்?”

இது நியாயமான கேள்வி என்று எமிலியானுசுக்கே பட்டது. அதனாலேயே அவருக்கு இன்னும் கூடக் கோபம் வந்தது. வாயைத் திறக்கப் போனவரை ஞானசவுந்தரி கையால் தடுத்தாள்.

“ஜெகதீஸ், இரு.”

“நான் இருக்க வரேல்லை அக்கா.”

“அப்ப நிண்டுகொண்டு கேள். நான் உங்களைக் கேக்காமல் செய்யேல்லை. உன்ர அம்மாதான் என்னைக் கேட்டவ.”

ஜெகதீசின் கையில் இருந்த தொலைபேசி அடித்தது. அவன் அதைப் பார்க்கவில்லை.

“ஆஸ்பத்திரிக் கிணத்தடியில,” என்றாள் ஞானசவுந்தரி. “நான் கை கழுவிக்கொண்டு நிண்டனான். திரேசம்மா வந்து என்ர சட்டையைப் பிடிச்சவ. ‘நீ கழுவினனீதானே, எனக்குச் சொல்லு’ எண்டா. சொன்னன். அழேல்லை அவ. ‘நான் சொன்னால் மற்றவனையும் கொண்டு போடுவாங்கள். எனக்கு ஒருத்தன்தான் மிச்சம். நீ அரசாங்க ஆள், உன்னைத் தொட மாட்டாங்கள். நீ சொல்லு ஞானம்’ எண்டா. அந்த ஒருத்தன் நீதான்.”

“பொய்.”

“நான் பொய் சொல்லுற ஆளெண்டால், அண்டைக்கு ஒரு பொய் சொல்லியிருந்தால் காணுமே. சோளகத்தில உலையும் எரிஞ்சிருக்கும்.”

“அப்ப ஏன் கரையில… அம்மா உங்களோட கதைக்கிறதே இல்லையே.”

“கதைச்சால் அவங்களுக்குச் சந்தேகம் வரும். முதுகைத் திருப்பித்தான் உன்னைக் காப்பாத்தினவ. எனக்கு விளங்கினது. அதாலதான் நானும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

ஜெகதீஸ் தொலைபேசியைச் சேட்டுப் பைக்குள் போட்டான். பிறகு படலையைத் திறந்துகொண்டு போனான். அதிபர் அவனுக்குப் பின்னால் ஓடினார். அஜந்தா கும்பிடுவதா, போவதா என்று தெரியாமல் நின்று, கடைசியில் ஸ்கூட்டியை எடுத்தாள்.

படலை சாத்துப்பட்டதும் எமிலியானுஸ் வெடித்தார்.

“எனக்கும் சொல்லேல்லை.”

“உங்களுக்குச் சொன்னால் கரை முழுக்கக் கேக்கும்.”

“ஒரு சீவியம் முழுக்க அந்த மனுசியைச் சபிச்சிருக்கிறன். கோயிலில நேருக்கு நேர் கண்டாலும் முகம் பாக்கேல்லை. அவளின்ர குழிக்கு ஒரு பிடி மண் போடேல்லை நான்.”

“உங்களுக்கும் சேத்து நான் போட்டனான்.”

“ஆர் உன்னைக் கேட்டது?”

அவள் குசினிக்குள் போனாள். அவர் முற்றத்தில் நின்று, சுட்டவனை ஏசினார், எழுதினவனை ஏசினார், டாக்குத்தரை ஏசினார். கரையை ஏசினார். ஒரு தாய் தன் பிள்ளையின் சாவைச் சொல்ல இன்னொருத்தியிடம் இரந்து நிற்க வேண்டியிருந்த அந்தக் காலத்தை, அதன் தாய் தகப்பன் எல்லாவற்றையும் சேர்த்து ஏசினார். ஏசி முடிக்க வெயில் ஏறிவிட்டது.

திங்கட்கிழமை அவர் வலையை வேளைக்கே இழுத்துக்கொண்டு திரும்பினார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற எண்ணம். உள்ளே விடாவிட்டால் மதிலுக்கு வெளியே நின்று கத்துகிற எண்ணம். வள்ளம் தரை தட்டியதும் இறங்கி அணியத்தைப் பிடித்தார். கரையில் நாலைந்து பேர் வழக்கம்போலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குள் இருந்து ஒருவன் சாறத்தைத் தூக்கிக் கட்டாமலேயே தண்ணீருக்குள் இறங்கி வந்தான். ஜெகதீஸ். வந்து வள்ளத்தின் மறுபக்கத்தில் தோளை வைத்தான். இரண்டு நாள் சவரம் செய்யாத முகம்.

“ஆர் உன்னைக் கூப்பிட்டது?” என்றார் எமிலியானுஸ்.

“கூப்பிடுறேல்லைத்தானே அண்ணை.”

“தோளை எடு.”

அவன் எடுக்கவில்லை. கரையில் நின்றவர்கள் துடுப்பு எழும்பப் போகிறது என்று எதிர்பார்த்தார்கள். துடுப்பு எழும்பவில்லை. எமிலியானுஸ் வள்ளத்துக்கு மேலால் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கக் கூடிய குரலில், பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

“கேள். எனக்குக் கப்பி கிடக்கு. உங்களின்ர தோள் இல்லாமலே நான் கிழவனாகிப் போனன். இனி என்னட்டப் பறிக்கவும் உங்களிட்ட ஒண்டுமில்லை, தரவும் ஒண்டுமில்லை. அங்க ஒரு பெட்டை ஒரு அதிகாரிக்கு முன்னால தனிய இருக்கப் போகுது. அதுக்குக் கப்பி இல்லை. உன்ர பேரில போன முறைப்பாடு. தோள் குடுக்கிறதெண்டால் அங்க போய்க் குடு. இஞ்ச நிண்டு எனக்குப் படம் காட்டாதை.”

“என்னத்தை அண்ணை சொல்லுறது அங்க?”

“கொம்மா சொல்லச் சொன்னதை. முப்பது வரியத்துக்கு முதல் உனக்காகத்தான் அவ வாயை மூடினவ. உனக்கு இப்ப என்ன வயது? இன்னும் உன்னை ஆர் காப்பாத்த வேணும்?”

அலை வந்து வள்ளத்தின் பின்பக்கத்தைத் தூக்கிப் போட்டது. ஜெகதீஸ் தோளை எடுத்தான். கரைக்கு ஏறி, நின்றவர்களில் ஒருவரையும் பாராமல், நனைந்த சாறத்தோடு ரோட்டுப் பக்கம் நடந்தான். வலது பக்கம் திரும்பினால் பள்ளிக்கூடம், இடது பக்கம் வீடு. எமிலியானுஸ் பார்க்கவில்லை. பார்த்து ஏமாற அவருக்கு விருப்பமில்லை. பூவரசில் இருந்து கயிற்றை எடுத்துக் கொழுவி, தன் வள்ளத்தைத் தானே ஏற்றினார். ஏற்றி முடிய மூச்சு வாங்கியது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற எண்ணத்தை விட்டுவிட்டார். அவன் போயிருந்தால் அவர் தேவையில்லை. போகாவிட்டால், அவர் கத்தி என்ன பயன்.

மத்தியானத்துக்குப் பிறகு அந்த ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. அஜந்தா ரோட்டில் நிறுத்தாமல் கரை மணலுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டாள்.

“ஐயா, அவர் வந்தவர்.”

“ஆர்?”

“நிலக்சனான்ர அப்பா. உடம்பெல்லாம் நனைஞ்சு வந்து கதிரையில இருந்தார். கீழ தண்ணி வடியுது. அதிகாரி என்ன இது எண்டு கேட்டார். ‘நான் எழுதின முறைப்பாடு பிழை. என்ர அண்ணன் தாண்டு சாகேல்லை, சுட்டவை. அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டது என்ர அம்மா. இந்தப் பிள்ளை படிப்பிச்சது சரி’ எண்டார். அதிகாரி பேனையை வைச்சிட்டு, ‘இதை நான் எழுதவோ, உமக்குத்தான் பிறகு கரைச்சல்’ எண்டு கேட்டார். ‘எழுதுங்கோ’ எண்டார்.”

“எழுதினானோ அவன்?”

“எழுதினவர்.”

“மற்றக் கையெழுத்துக்காரர் எத்தினை பேர் வந்தவை?”

“ஒருத்தரும் வரேல்லை ஐயா.”

“அதுதானே.” எமிலியானுஸ் மணலில் துப்பினார். “ஒருத்தன் உண்மை சொல்ல இவ்வளவு காலம். அதுவும் ஈரச் சாறத்தோட. மற்றவங்கள் நனைய இன்னும் எத்தினை சோளகம் போக வேணுமோ.”

“எனக்கு மாற்றம் வரும் போலத்தான் கிடக்கு ஐயா. அதிகாரியின்ர முகத்தைப் பாக்கத் தெரிஞ்சுது.”

“வரும். அவங்கள் அதை நிப்பாட்ட மாட்டாங்கள்.”

“வந்தால் போறன். நெடுந்தீவிலயும் பதினோராம் ஆண்டு இருக்குந்தானே.”

“அங்க போய் ஆரின்ர மனுசியின்ர குசினிக்குள்ள புகப் போறீரோ.”

அவள் முதல்தடவையாகச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவள் ஸ்கூட்டியை உயிர்ப்பித்துத் திருப்பினாள். பின்சில்லு மணலைக் கிளப்பிக்கொண்டு அந்த இடத்திலேயே சுழன்றது. இன்னும் முறுக்கினாள். இன்னும் மணலுக்குள் புதைந்து தாண்டது. கரையில் கருவாடு புரட்டிக்கொண்டு நின்றவர்கள் பார்த்தார்கள், ஒருவரும் அசையவில்லை. அவளும் யாரையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை. இறங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தனியாகத் தள்ளத் தொடங்கினாள்.

எமிலியானுஸ் பூவரசடியில் இருந்து எழும்பினார்.

“இந்தச் சனியனை ஆர் மணலுக்குள்ள கொண்டுவரச் சொன்னது?” என்று ஏசிக்கொண்டு போனார். “படிச்ச ஆக்களுக்கு மணலுக்கும் தாருக்கும் வித்தியாசம் தெரியாதோ? கைபிடியை நேராப் பிடியும். முறுக்காதையும். முறுக்கினால் இன்னும் கீழதான் போகும் எண்டு சொல்லித்தர ஒரு கருத்தரங்கு இல்லையோ உங்களுக்கு?”

ஏசியபடியே குனிந்து, ஸ்கூட்டியின் பின்பக்கத்தில் தோளை வைத்தார்.